சந்தைக் காட்சியில் மூன்றாவது ஆள்

எனக்குக் குறை கண்டுபிடிக்கிற வேலை. பனியன் கம்பெனியில் செக்கிங். காலையிலிருந்து சாயங்காலம் வரை மேஜை முன்னால் நின்று, டி-சர்ட்டை உதறி, விரித்து, உள்பக்கம் திருப்பி, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம், தொங்கும் நூல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவைப்பேன். கல்யாணமாகி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்த நாளிலிருந்து இதே வேலைதான். கம்பெனி நான்கு மாறிவிட்டது, மேஜை மாறவில்லை. வீட்டுக்கு வந்தாலும் கண் சும்மா இருப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றால், நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் ஓரத்தில் இழை விட்டிருப்பது தெரிந்துவிடும். வாயும் சும்மா இருக்காது. அதனால் எனக்குச் சிநேகிதிகள் குறைவு.

இப்படிப்பட்டவளுக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று அமைந்தது எங்கள் கட்டிங் மாஸ்டரால்தான். குண்டடத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். ஒருநாள் பதினொரு மணி டீக்கு எல்லோரும் வெளியே நின்றிருந்தபோது போனை என் பக்கம் நீட்டினார். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் காட்சி ஒன்று. நடுவில் கதாநாயகன். அவனுக்குப் பின்னால், தோள்மேல் பாதி மறைந்து ஒரு மனிதர்.

"இவரு யாருன்னு சொல்லுங்க பாக்கலாம், அம்மிணி."

"இவரு தபால்காரரா வருவாருல்லா?"

"எந்தப் படத்துலீங்?"

"எல்லாப் படத்துலயும்தான்."

மாஸ்டர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அன்றைக்கே என்னை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். ஊர் ஊராக இருபது முப்பது பேர். ரிட்டயரான வாத்தியார், தியேட்டரில் படம் ஓட்டியவர், மருந்துக்கடைக்காரர் என்று பலவகை. யாராவது பழைய புகைப்படம் ஒன்றைப் போடுவார்கள். அதில் இருக்கும் பெரிய நடிகரைப் பற்றி ஒருத்தரும் பேசமாட்டார்கள். பின்னால் நிற்பவர் யார், ஓரத்தில் குடை பிடிப்பவர் யார் என்பதுதான் கேள்வி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு "எங்களால் ஆனதைச் செய்துவிட்டோம்" என்று சொல்கிற டாக்டர், கல்யாணத்தை நிறுத்த வரும் போலீஸ்காரர், கதாநாயகியின் தோழிகளில் பேசாத தோழி. இவர்களுக்கெல்லாம் ஒரு பெயர் இருந்திருக்கும். படம் தொடங்கும்போது ஓடுகிற எழுத்தில்கூட வராத பெயர். அதைக் கண்டுபிடித்துப் படத்துக்குக் கீழே எழுதிவைப்பதுதான் எங்கள் வேலை. சம்பளம் இல்லாத இன்னொரு செக்கிங்.

முகத்தை நம்பக் கூடாது என்று மாஸ்டர் சொல்வார். மீசையும் டோப்பாவும் முகத்தை மாற்றிவிடும். காதைப் பாருங்க, காதுக்கு யாரும் மேக்கப் போடமாட்டாங்க என்பார். எனக்கு அது சீக்கிரம் பிடிபட்டது. நாள் முழுக்க ஒரே மாதிரி ஆயிரம் துணியில் வித்தியாசம் தேடுபவளுக்குக் காது என்ன பெரிய விஷயம்? ஒரு வருடத்தில் குழுவில் எனக்கு மரியாதை வந்துவிட்டது. "திருப்பூர் அக்கா பார்க்கட்டும்" என்று காத்திருப்பார்கள். கம்பெனியில் சூப்பர்வைசர் பையன் என்னை "ஏம்மா, பீஸ் போகலையே" என்று விரட்டுவான். அங்கே காத்திருந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

குழுவில் ஒரு விதி உண்டு. ஒருவர் அடையாளம் சொன்னால் மட்டும் போதாது. இன்னொருவர் தனியாகப் பார்த்து அதையே சொல்ல வேண்டும். முதல் ஆள் தன் காரணத்தை அதுவரை வெளியே சொல்லக் கூடாது. நல்ல விதி.

போன வருடம் ஒரு சந்தைக் காட்சி வந்தது. காய்கறிக் கூடைகளுக்கு நடுவே கதாநாயகன் கையை ஓங்கி நிற்கிறான், சுற்றிலும் கூட்டம். அந்தப் படமே இப்போது எங்கும் பார்க்கக் கிடைப்பதில்லை; யாரோ ஸ்டில்லின் பழைய பிரதி ஒன்றைப் போனில் எடுத்துப் போட்டிருந்தார்கள். நான்கு பக்கமும் வெட்டுப்பட்டு, இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல், புள்ளி புள்ளியாக இருந்தது. அதற்கு அடியில் குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு பெண்மணி குரல் செய்தி அனுப்பியிருந்தார். சாமளாபுரத்தில் தறிக்குப் போகிறவர். பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

"எங்கப்பன் இந்தப் படத்துல சந்தைக்காரனா நின்னாருன்னு எங்கம்மா சொல்லுதுங்க. நான் இடுப்புக் கொழந்தையா இருக்கறப்பப் பட்டணம் போனவரு, திரும்பி வரலைங்க. கண்ணாலப் போட்டோ ஒண்ணே ஒண்ணு இருந்துதுங்க. ஊடு ஒழுகி, கண்ணாடியோட ஒட்டிப் போயி, பிரிச்சா அவரு மொகம் மட்டும் உரிஞ்சு வந்துருச்சு. எனக்கு அவரு மொகமே தெரியாதுங்க. வலது கன்னத்துல கடலை அளவு மச்சம் இருக்குமாங்க. அம்மாளுக்கும் வயசாயிருச்சு. அது இருக்கறப்பவே எங்கப்பன் மொகத்தை நான் பாத்துரோணுமுங்க. கண்டுபிடிச்சுக் குடுங்க."

எங்களுக்கு வழக்கமாக வருகிற கேள்வி அல்ல இது. பெயர் தெரியாத முகத்துக்குப் பெயர் தேடுகிறவர்கள் நாங்கள். இவரிடம் பெயர் இருந்தது, முகம் இல்லை. குழுவில் எல்லோரும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். கூட்டத்தில் மச்சம் தெரிந்தது ஒரே ஒருவனுக்குத்தான். இடமிருந்து மூன்றாவது ஆள், இளைஞன், நல்ல மூக்கு. ஆனால் மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. இல்லை, இவர் இல்லை என்று ஒவ்வொருவராகக் கைவிட்டார்கள்.

நான் கைவிடவில்லை. அடுத்த நாள் டீ நேரத்தில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவன் சட்டை கண்ணில் பட்டது. ஆண்கள் சட்டையில், நெஞ்சில் பொத்தான் வரும் பட்டியில், இடதுபக்கத் துணி மேலே வரும். பெண்கள் சட்டையில் வலதுபக்கம் மேலே வரும். காலர் வைத்த டி-சர்ட்டுக்கும் இதே கணக்குத்தான். ஒருமுறை ஆண்கள் ஆர்டர் ஒன்றுக்குப் பட்டியை மாற்றித் தைத்துவிட்டார்கள். மொத்தத்தையும் பிரித்து மறுபடி தைத்து முடிப்பதற்குள் நாங்கள் நார் நாராகிவிட்டோம். அதிலிருந்து பட்டி மாறியிருந்தால் பத்தடி தூரத்திலேயே எனக்குத் தெரியும். மூன்றாவது ஆளின் சட்டையில் வலதுபக்கம் மேலே இருந்தது.

நேராக மாஸ்டரிடம் ஓடினேன். "மாஸ்டர், படம் இடவலம் மாறிப் பிரிண்டாகியிருக்கு. பட்டியைப் பாருங்க. திருப்பிப் போட்டா மச்சம் வலது கன்னத்துக்கு வந்துரும்."

மாஸ்டர் பார்த்தார். முப்பது வருடமாகத் துணி வெட்டுகிறவர். பட்டியைப் பார்த்தவுடன் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாங்க அம்மிணி! எப்படிப் புடிச்சீங்!" அவ்வளவுதான், இரண்டாவது ஆளும் சொல்லியாயிற்று. விதி என்று ஒன்று இருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது ஞாபகம் வரவில்லை. படத்தைத் திருப்பிப் போட்டுக் காரணத்தையும் எழுதி அனுப்பினேன். குழுவில் அன்றைக்கு எனக்கு நடந்த மரியாதை என் கல்யாணத்தில்கூட நடந்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரும் நானும் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக்கொண்டு சாமளாபுரத்துக்கு பஸ் ஏறினோம். ஞாயிற்றுக்கிழமை என்பது எனக்குத் துணி துவைத்து, கால் நீட்டிப் படுக்கிற நாள். அதைக் கொடுத்துவிட்டுப் போனேன் என்றால் எவ்வளவு ஆசையாகப் போயிருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்மணி வாசலிலேயே நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். உள் அறையில் கட்டிலில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணுக்குப் புரை எடுத்தாயிற்று, இன்னொரு கண்ணுக்கு எடுக்கவில்லை.

படத்தை மடியில் வைத்தோம். மகள் மூன்றாவது ஆளைக் காட்டினார். அந்த அம்மா குனிந்து, படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவரு யாரு கண்ணு?" என்று என்னைக் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரரும்மா."

"இவரில்லீங் கண்ணு." படத்தின் மேல் விரலை ஊர்ந்தாற்போலக் கொண்டுபோய் ஓரத்தில் வைத்தார். அங்கே தலையில் கூடையோடு ஒருவர், முகத்தின் ஒரு பாதி மட்டும் தெரியும்படி திரும்பி நின்றார். மச்சமா மூக்கா என்றே தெரியாத அளவுக்கு மங்கல். "இதா, இவரு."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாழ்ந்தவள் சொல்கிறாள், சரி என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அவருக்குப் பாடம் எடுத்தேன். கம்பெனியில் சேலைமேல் போடுகிற ஓவர்கோட்டின் நினைவில் நெஞ்சில் கையை வைத்து, இந்தப் பக்கம் மேலே வந்தால் ஆண், அந்தப் பக்கம் மேலே வந்தால் பெண், ஆகவே படம் திரும்பியிருக்கிறது, ஆகவே மச்சம் வலது பக்கம் என்று பொறுமையாக விளக்கினேன். மாஸ்டர் தலையாட்டினார். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதா, கண்ணு?" என்றார்.

"அம்மா, உனக்குக் கண்ணு செரியாத் தெரியறதில்ல. அவங்க இதே வேலையா இருக்கறவங்க" என்று மகள் அவருடைய விரலைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார். அந்த அம்மா அந்த விரலை முந்தானைக்குள் மடக்கிக்கொண்டார். காபி வந்தது. குடித்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியில் பஸ் ஏறினோம். மூன்றாவது ஆளை மட்டும் தனியாக வெட்டிப் பெரிதாக்கி, சட்டம் போட்டு உள் அறையில் மாட்டிவிட்டதாக அந்த வாரமே மகள் படம் அனுப்பினார்.

ஆறு மாதம் கழித்து அந்த அம்மா இறந்துபோனார். கருமாதிக்குப் போனோம். ஸ்டூடியோக்காரரைக் கொண்டு இரண்டு முகத்தையும் ஒரே படமாகச் சேர்த்து, ஒரே மாலை போட்டிருந்தார்கள். வயதான மனைவி, பக்கத்தில் இருபத்தைந்து வயதுக் கணவன். வந்தவர்கள் எல்லோரும் என்னைக் காட்டி, இவங்கதான் கண்டுபிடிச்சாங்க என்று சொல்லிக்கொண்டார்கள். இலையில் இரண்டாம் தரம் பாயசம் ஊற்றினார்கள். குடித்தேன்.

அதற்கப்புறம் எல்லா வேலையும் பழையபடி நடந்தது. ஷிப்மென்ட் நெருக்கடி, இரண்டு ஞாயிறு ஓவர்டைம், கண்ணுக்குச் சொட்டு மருந்து. ஒரு செவ்வாய்க்கிழமை டீக்கு நின்றபோது குழுவில் ஒரு படம் வந்தது. சென்னையில் பழைய ஸ்டில் போட்டோகிராபர் ஒருவரின் வீட்டை ஒழித்தபோது கிடைத்த ஆல்பமாம். அதே சந்தைக் காட்சி. வெட்டுப்படாதது, கண்ணாடிபோல் தெளிவு. கதாநாயகனுக்குப் பின்னால், பழைய பிரதியில் வெட்டுப்பட்டுப் போயிருந்த மேல்பகுதியில், ஒரு காபிக் கடையின் பலகை முழுசாகத் தெரிந்தது. எழுத்தெல்லாம் நேராக இருந்தது. படம் திரும்பவே இல்லை. முதலில் வந்தபடி இருந்ததுதான் சரியான படம்.

மூன்றாவது ஆளைப் பெரிதாக்கினேன். கன்னம் வழவழவென்று இருந்தது. மச்சமே இல்லை. பிரதி எடுத்தபோது விழுந்த அழுக்குப் புள்ளியைத்தான் நான் மச்சம் என்று பார்த்திருக்கிறேன். கறைக்கும் ஓட்டைக்கும் வித்தியாசம் தெரியாமல் பார்த்தால் புதுப் பெண்பிள்ளைகளை என்ன திட்டுத் திட்டுவேன். ஆல்பத்தில் அதற்கு அடுத்த படமும் இருந்தது. அதே இடம், ஒரு நிமிடம் கழித்து எடுத்தது. ஓரத்தில் நின்ற கூடைக்காரர் கூடையை இறக்கிவிட்டு, எதற்கோ சிரித்தபடி கேமராப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். வலது கன்னத்தில் கடலை அளவு மச்சம்.

மாஸ்டரிடம் போனைக் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்.

"அந்தச் சட்டை?" என்று கேட்டேன்.

"பொம்பளச் சட்டைங்க. டிரஸ் பொட்டியில கைக்கு வந்ததைக் குடுத்திருப்பாங்க. கூட்டத்துல நிக்கறவனுக்கு அளவெடுத்தா தெப்பாங்க?" போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மத்தவங்க சட்டையையும் நாம பாத்திருக்கோணுமுங்" என்றார்.

பார்க்க அங்கே வேறு சட்டை இல்லை. கதாநாயகன் பனியனோடு நின்றான், மற்றவர்கள் துண்டு போட்டிருந்தார்கள், வெறும் உடம்பாக இருந்தார்கள். இருந்த ஒரே சட்டையை வைத்து நான் முடிவுகட்டினேன். ஒரு பீஸைப் பார்த்துவிட்டு ஒரு பெட்டியையே பாஸ் பண்ணுவது இத்தனை வருடத்தில் நான் செய்யாத காரியம். அதை ஒரு பொம்பளையின் புருஷன் விஷயத்தில் செய்திருக்கிறேன்.

மாஸ்டர் சொல்ல வேண்டாம் என்றார். "அந்தம்மா போய்ச் சேந்துருச்சு. மகளுக்கு ஒரு மொகம் கெடைச்சு நிம்மதியா இருக்குது. இப்பப் போய் அதையும் புடுங்கோணுமா, அம்மிணி?" குழுவிலும் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. சாமளாபுரத்துப் பெண்மணி குழுவைப் பார்ப்பதை நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தது. பேசாமல் இருந்தால் போயிற்று. மூன்று ஞாயிற்றுக்கிழமை பேசாமல்தான் இருந்தேன். துணி துவைத்தேன், படுத்தேன். படுத்தால் அந்த விரல்தான் ஞாபகத்துக்கு வந்தது. எனக்குத் தெரியாதா கண்ணு என்று அவர் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நாலாவது ஞாயிறு தனியாக பஸ் ஏறினேன். மாஸ்டரைக் கூப்பிடவில்லை, அவருக்கு இளகின மனது.

மகள் தறிக்குப் போகத் தயாராக இருந்தார். என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொண்டுவந்தார். தண்ணீரைக் குடித்தால் சொல்ல வராது என்று தெரிந்ததால் குடிக்காமலே போனை எடுத்தேன். பலகையைக் காட்டினேன். மூன்றாவது ஆளின் கன்னத்தைக் காட்டினேன். பிறகு கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரிக்கிறவரைக் காட்டினேன். "உங்க அம்மா சொன்னதுதான் சரி. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். இவருதான் உங்க அப்பா" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் எனக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் அப்பாவின் முகத்தை ஐம்பது வயதில் முதல்முறையாகப் பார்க்கிற ஆள் அழுவார் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள் அறைச் சுவரைப் பார்த்தார். அங்கே அந்தச் சட்டைக்காரனும் அவருடைய அம்மாவும் ஒரே சட்டத்துக்குள் இருந்தார்கள்.

"எங்கம்மா இருக்கற வரைக்கும் இவரு படம் அந்த ரூமுலதான் தொங்குச்சு" என்றார். "மாட்டுனதுலிருந்து அம்மா அந்த ரூமுக்குள்ள சேலை மாத்தவே மாட்டா. குளிச்சுப்போட்டு வந்தா நேராச் சமையக்கட்டுக்குப் போயி அங்க மாத்திக்குவா. நான் கேலி பண்ணுவேனுங்க. ஏம்மா, கட்டுன புருசங்கிட்ட இந்த வயசுல என்னம்மா வெக்கம்னு. அக்கம்பக்கத்துல எல்லாருகிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். அவ வாயே தெறக்க மாட்டா. முந்தானையை இழுத்துப் போத்திட்டுப் படுத்துக்குவா."

அவர் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். ஸ்டூல் ஒரு காலில் ஆடியது, நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். ஆணியிலிருந்து சட்டத்தைக் கழற்றியவர் இறங்காமல் அப்படியே சுவரைப் பார்த்து நின்றார்.

"அது வெக்கம் இல்லீங்களே" என்றார். "யாரோ ஒரு ஆம்பளையை அவ தலைமாட்டுல மாட்டி வெச்சுட்டேன். ஆறு மாசமுங்க. சொந்த ஊட்டுக்குள்ளயே ஒதுங்கி ஒதுங்கி நடந்து செத்துப்போயிருக்கா."